அப்பாவின் தூக்கத்துக்குப் பச்சையம்மன் போட்ட கட்டு

என் அம்மாவின் முன்பற்கள் இரண்டும் அப்பாவின் முழங்கை பட்டுப் போயின. அடித்தபோது அப்பா நல்ல தூக்கத்தில் இருந்தார்.

பச்சையம்மனைக் கும்பிடும் சொந்தங்களே, இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை படியுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கொலை விழ இருந்தது. அப்பா அம்மாவைக் கொன்றிருக்கலாம், அண்ணன் அப்பாவை வெட்டியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் வளர்மதி. ஊர் சங்கராபுரம் பக்கம். அப்பா கரும்பு வெட்டுகிறவர். அம்மா அஞ்சலை, நடவு, களையெடுப்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவள். அண்ணன் ஏழுமலை டிராக்டர் ஓட்டுகிறான். நான் டிப்ளமோ முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தூக்க ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பயங்கரமாகக் குறட்டை விடுகிறவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் எல்லாம் அங்கே வருவார்கள். தலையிலும் தாடையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவர்கள் தூங்குவதை விடிய விடியக் கம்ப்யூட்டரில் கவனிப்பதுதான் என் வேலை. "ஊரான் தூங்கறத பாக்கறதுக்கு உனுக்கு சம்பளமா?" என்று தெருவில் கேலி பேசாத ஆள் இல்லை.

அந்த வேலை நிலைக்க வேண்டுமென்றால் ஒரு தேர்வு எழுத வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நடத்துவது. முழுக்க இங்கிலீஷ். சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். பாஸ் செய்தால் நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று எங்கள் பிரிவின் டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். காலையில் டியூட்டி முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மாலைவரை படிப்பேன். தூக்கத்தில் மூளை போடும் அலைகளின் படங்களைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்து, "இன்னாடி இது, புள்ளியே வைக்காத கோலமா இருக்குது" என்பாள்.

ராத்திரியில் நான் ஊரார் தூக்கத்துக்குக் காவல் இருந்ததால், என் வீட்டில் நடந்ததை என் கண்ணால் பார்க்கவே இல்லை.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடு பிடித்த சமயம். கொரோனா அடங்கியும் அடங்காமலும் இருந்தது. டி.வி.யைப் போட்டால் மறியல், கல்வீச்சு, தடியடி. அப்பா கண் கொட்டாமல் பார்ப்பார். பல வருஷத்துக்கு முன்னால் இதே கோரிக்கைக்கு முதலில் போராட்டம் நடந்தபோது அவர் மீசை முளைத்த பையன், கரும்பு லாரியில் கிளீனர். ரோட்டில் மரத்தை வெட்டிப்போட்டு மறித்த கூட்டம் அந்த லாரிக்குத் தீ வைத்தது. டிரைவரைக் கீழே இழுத்துப்போட்டு அடித்தார்கள். அப்பா மேலே கரும்புக் கட்டுக்கு நடுவில் பதுங்கியிருந்து, நெருப்பு வந்ததும் குதித்து ஓடித் தப்பினார். டிரைவர் பிழைக்கவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி அப்பா யாரிடமும் பேசியதில்லை.

பேசாமல் வைத்திருந்ததெல்லாம் தூக்கத்தில் வெளியே வந்தது. முதலில் கத்தல்தான். "டேய், கல்ல கீழ போடுடா! கிட்ட வந்த, கொன்னுடுவேன்!" பிறகு உதை, பிறகு குத்து. ஒருமுறை கட்டிலில் இருந்து பாய்ந்து சுவரில் மோதி நெற்றி கிழிந்தது. இன்னொருமுறை அம்மாவின் தலைமுடியைப் பிடித்துத் தரையில் இடித்தார். பல் போனது அதற்கப்புறம். எழுப்பினால் சட்டென்று தெளிந்துவிடுவார். அம்மா வாயில் ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போய், "யாருடி உன்ன அடிச்சது?" என்று கேட்பாராம். பகலில் மாட்டைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன் அவர். தான்தான் அடித்தோம் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுவார்.

"அவன் லாரி மேல ஏறிக்கினு இருந்தான் பாப்பா. அவனத்தான் ஒதச்சேன். உங்கம்மா எப்டி அங்க வந்தா?" என்று என்னிடம் கேட்டார்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் அது என் கண் முன்னாலேயே நடந்தது. அப்பா வெட்டுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுப் பாயில் படுத்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை, கத்த முடியாத சத்தம். ஓடிவந்து பார்த்தால், அப்பா கண்ணை மூடியபடியே அம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் நாக்கு வெளியே வந்துவிட்டது. நான் அப்பாவின் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது, கை விடவில்லை. வயலில் இருந்து வந்த ஏழுமலை மண்வெட்டியின் காம்பால் அப்பாவின் தோளில் ஓங்கி அடித்தான். அப்போதுதான் அவருக்கு விழிப்பு வந்தது.

ஏழுமலை உள்ளே போய்க் கொடுவாளை எடுத்துவந்து அப்பா முன்னால் தரையில் வெட்டினான். "இன்னொரு வாட்டி எங்கம்மா மேல கை வச்ச, அப்பன்னு பாக்கமாட்டேன். தலைய எடுத்துட்டு நானே ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்" என்றான். அவன் சொன்னால் செய்வான். அப்பாவுக்கும் அது தெரியும். "செய்டா, அதுக்கு முன்ன என்ன கட்டிப் போடுங்கடா" என்று மாட்டுக்கயிறை எடுத்து அவரே நீட்டினார். அன்றிலிருந்து அப்பாவைக் கட்டில் காலோடு கட்டித்தான் படுக்கவைத்தோம். மணிக்கட்டுத் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஏழுமலை கொடுவாளைப் பாய்க்கடியில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்துப் படுத்தான்.

ஊரே ஒரே பேச்சாக, "முனி அடிச்சிட்டான்" என்றது. கரும்பு வெட்டப் போன இடத்தில் முனி போகும் பாதையில் படுத்திருப்பார் என்றார்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. தூக்கத்தைப் பற்றியே படித்துக்கொண்டு, தூக்கத்தில் அடிக்கிற அப்பாவை முனி பிடித்ததாக நம்பினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பச்சையம்மன் கோயில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவை அங்கே கூட்டிப்போனோம். பூசாரி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கட்டு அவுந்து கெடக்குது. முனி சும்மா போவமாட்டான், அடிச்சித்தான் ஓட்டணும்" என்றார். அப்பாவின் சட்டையைக் கழற்றி முனி சிலையின் காலடியில் நிற்கவைத்தார்கள். உடுக்கை அடித்தார்கள். முதலில் வேப்பிலை, பிறகு சாட்டை. அது பனைநாரை முறுக்கிய சாட்டை. ஒவ்வொரு அடிக்கும் முதுகில் தோல் பிரிந்தது. "யாரு நீ? எதுக்கு வந்த?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அப்பா, "நான் கோவிந்தன் சாமி, கரும்பு வெட்டறவன் சாமி" என்று உண்மையைச் சொன்னார். பொய் சொல்கிறது என்று இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

என்னால் பார்க்க முடியவில்லை. அம்மன் முன்னால் போய் விழுந்தேன். இதுவரை எதற்காகவும் நான் அப்படி அழுததில்லை. "தாயே, எனக்குத் தேர்வு வேண்டாம். வேலை வேண்டாம். புஸ்தகத்தை இன்றைக்கே கொண்டுவந்து உன் காலடியில் போட்டுவிடுகிறேன். களை வெட்டிப் பிழைத்துக்கொள்கிறேன். என் வீட்டில் பிணம் மட்டும் விழ வேண்டாம். எங்கப்பாவை நீயே கட்டு" என்று கும்பிட்டேன். அந்த நேரத்தில் என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது அந்தத் தேர்வு ஒன்றுதான்.

வாய் மூடவில்லை, பின்னால் ஒரு கூச்சல். அம்மாவுக்குச் சாமி வந்திருந்தது. முடி அவிழ்ந்து, உடம்பு நடுங்கி, கழுத்தில் விரல் பட்ட கன்றலோடு பாய்ந்துபோய்ப் பூசாரியின் கையில் இருந்த சாட்டையைப் பிடுங்கினாள். அந்தச் சாட்டையாலேயே அவரை இரண்டு போடு போட்டாள். எங்கம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள். அதிர்ந்து பேசாதவள். அன்றைக்கு அவள் குரல் மலையில் மோதித் திரும்பியது.

"கட்டு அவுந்தவன அடிச்சா கட்டு கூடுமாடா? முழிச்சிக்கினு இருக்கச் சொல்ல இருக்கற கட்டு, தூங்கச் சொல்ல அவுந்து போவுது. அத்த கட்டத் தெரிஞ்சவ இவன் வூட்லயே இருக்கா!" என்று என் பக்கம் திரும்பினாள். "பொஸ்தகத்த என் காலுல போடறியா? எனுக்கு எதுக்குடி பொஸ்தகம்? போ! போயி படி!"

சாட்டையை என் மேல் வீசிவிட்டு மயங்கி விழுந்தாள். உடுக்கை நின்றுவிட்டது. பூசாரி முதுகைத் தடவியபடியே, "ஆத்தா வாக்கு கொடுத்துட்டா, கூட்டிக்கினு போங்க" என்றார். எந்தச் சாமியும் எந்தப் பக்தரையும் படி என்று விரட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்தோம். ஏழுமலை அப்பாவின் முதுகில் விளக்கெண்ணெய் தடவினான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது, அதே சமயம் பாய்க்கடியில் கொடுவாளும் இருந்தது. நான் புத்தகத்தை எடுத்தேன். மூச்சுத் தடையைப் பற்றித்தான் கேள்வி ஜாஸ்தி வரும் என்று கடைசிப் பாடங்களைத் தொடாமல் விட்டிருந்தேன். பேரே வாயில் நுழையாத பாடங்கள். அதில் ஒன்றைக் கையில் எடுத்து, அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன்.

அதில் இருந்தது இதுதான். நாம் கனவு காணும்போது மூளை நம் கை கால்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கனவில் ஓடினாலும் உடம்பு ஓடாமல் இருப்பது அந்தக் கட்டால்தான். சிலருக்கு, அதுவும் அப்பா வயது ஆண்களுக்கு, அந்தக் கட்டு அவிழ்ந்துபோகும். அவர்கள் கனவில் செய்வதை உடம்பும் செய்யும். உதைப்பார்கள், குத்துவார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரின் கழுத்தை நெரிப்பார்கள். எழுப்பினால் உடனே தெளிந்துவிடுவார்கள். கனவு அப்படியே ஞாபகம் இருக்கும்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதியது மாதிரி இருந்தது. கட்டு அவிழ்ந்திருக்கிறது என்று பூசாரி சொன்னதும் சரி, தூங்கும்போது அவிழ்கிறது என்று ஆத்தா சொன்னதும் சரி. நாங்கள்தான் அதை முனியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். அப்படியே அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கோயிலில் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. "இன்னாடி ஆச்சு உனுக்கு, படிச்சிப் படிச்சி கிறுக்கு புடிச்சிச்சா?" என்றாள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உடனே கூட்டிட்டு வா" என்றார். இவ்வளவு நடந்த பிறகுதான் அம்மன் எங்களைக் கடைசியாக ஒருமுறை சோதித்தாள்.

அப்பாவையும் சேர்த்து நால்வரும் பஸ் ஏறினோம். அம்மாவை அப்பா பக்கத்தில் உட்காரவிடாமல் ஏழுமலையே அங்கே உட்கார்ந்தான். கயிற்றில் கட்டுண்டு தூக்கம் கெட்டிருந்த அப்பா, பஸ் கிளம்பியதுமே தூங்கிவிட்டார். பாதி வழியில் ஒரு கூட்டுரோட்டில் மறியல். டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். அதைப் பார்த்த கூட்டத்தில் யாரோ கல்லை விட்டார்கள். முன்பக்கக் கண்ணாடி முழுதும் உடைந்து எங்கள் மேல் கொட்டியது. அடுத்தடுத்துக் கற்கள். ஒரு அம்மாவுக்கு மண்டை உடைந்தது. குழந்தைகள் அலறின.

அப்பா எழுந்தார். அது விழிப்பா, கனவா, எனக்கு இன்றுவரை தெரியாது. "லாரியத் தொடாதடா!" என்று கத்திக்கொண்டு படியில் இருந்து குதித்து, கல்லோடு நின்ற ஒரு பையனின் கழுத்தைப் பிடித்துவிட்டார். என் வயதுதான் இருக்கும் அவனுக்கு. கூட்டம் அப்பா மேல் விழுந்தது. கொடிக்கம்பாலும் கட்டையாலும் அடித்தார்கள். அப்பாவின் தலையில் இருந்து ரத்தம் பீறிட்டது. அவர் கீழே விழுந்த பிறகும் மிதித்தார்கள்.

நான், "பச்சையம்மா, கட்டு தாயே, கட்டு தாயே" என்று கத்தினேன். அப்போது ஏழுமலை குதித்தான். தலையை எடுப்பேன் என்றவன், அப்பா மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். அத்தனை அடியும் அவன் முதுகில் விழுந்தது. கட்டை ஒன்று பட்டு அவன் கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியும் அவன் அப்பா மேலிருந்து எழுந்திருக்கவில்லை.

அம்மா கூட்டத்துக்குள் புகுந்தாள். "அடப் பாவிங்களா, அவுரு தூங்கறாருடா! தூக்கத்துல கீறவர அடிக்கறீங்களேடா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். அந்த ரகளைக்கு நடுவில் ஒருத்தன் சிரித்துவிட்டான். ஓங்கிய கட்டை அந்தரத்தில் நின்றது. அப்பா கழுத்தைப் பிடித்தாரே, அந்தப் பையன் இருமிக்கொண்டே எழுந்தான். அவனே அடிப்பான் என்று நினைத்தேன்.

"வுடுங்கடா டேய்" என்றான். "எங்க நைனாவும் இப்டித்தான். தூக்கத்துல எங்கம்மாவ போட்டு அடிப்பாரு. வுடுங்க."

கூட்டம் விலகியது. அவனே ஒரு ஆட்டோவைப் பிடித்து, முன்னால் பைக்கில் போய் வழி விடச்சொல்லி, எங்களைக் கள்ளக்குறிச்சி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான். ஆயிரம் பேர் இருந்த கூட்டத்தில் அப்பாவின் கை எந்தக் கழுத்தில் போய் விழுந்தது பாருங்கள். அதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் சொல்லமாட்டேன்.

அப்பாவுக்குத் தலையில் தையல். அண்ணனுக்குக் கையில் மாவுக்கட்டு. காயம் ஆறிய பிறகு அப்பாவை ஆய்வு அறையில் படுக்கவைத்தோம். என் கையாலேயே ஒவ்வொரு ஒயராக ஒட்டினேன். "சாட்டைக்கு இது தேவல பாப்பா" என்று சிரித்தார். கனவுத் தூக்கம் வந்ததும் திரையில் தாடைத் தசையின் கோடு அடங்கி நேராக ஓட வேண்டும். அப்பாவுக்கு அது முள்வேலி மாதிரி ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவர் கைகள் எழுந்தன. இத்தனை நாள் அவர் அடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். கேமராவில் பார்த்தேன். முதலில் அவர் அடிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு குறுகினார், மேலே ஏதோ வந்து விழுகிற மாதிரி. அதற்கப்புறம்தான் உதைத்தார். என் அப்பா இத்தனை வருஷமாக எரிகிற லாரியில்தான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

டாக்டரம்மா படுக்கும் முன் போட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போடச் சொன்னார். பக்கத்தில் கனமான பொருளும் இரும்பும் இருக்கக்கூடாது, கொஞ்ச நாள் அம்மா தனியாகப் படுக்க வேண்டும், டி.வி.யில் கலவரம் பார்க்கக்கூடாது என்றார். இரும்பு என்றதும் ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். மாத்திரை உடனே கேட்டுவிடவில்லை. கத்தல் குறைந்தது, பிறகு உதை நின்றது. இப்போது எப்போதாவது முனகுவார், அவ்வளவுதான். மாட்டுக்கயிறு மாட்டுக்கே போய்விட்டது.

நான் தேர்வு எழுதினேன். ஆத்தா போட்ட உத்தரவை மீற முடியுமா? சென்னையில் அந்தக் குளிர்ந்த அறையில், தூக்கத்தில் மனைவியை அடிக்கும் ஒருவரைப் பற்றிய கேள்வி திரையில் வந்தது. கண் நிறைந்து எழுத்து மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு விடையை அழுத்தினேன். பாஸ் செய்துவிட்டேன். வேலையும் நிரந்தரமானது. கல்லெறிந்த அந்தப் பையன் அவனுடைய நைனாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவருக்கும் நான்தான் ஒயர் ஒட்டினேன். இப்போது மலையடிவாரத்துப் பூசாரியே, தூக்கத்தில் அடிக்கிறவர்கள் என்று வந்தால் திருநீறு கொடுத்து, "இத்த பூசிக்கினு கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பொண்ணுகிட்ட போ" என்று அனுப்புகிறார்.

சொந்தங்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு கொடுமை இருந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். தாயிடம் போய் அழுங்கள். கட்டாயம் கேட்பாள். ஆனால் நாம் நினைக்கிற வழியில்தான் அவள் பதில் சொல்ல வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அவள் டாக்டரிடம் போ என்றால் போங்கள், படி என்றால் படியுங்கள். யாரையும் சாட்டையால் அடிக்காதீர்கள். கட்டி வைக்காதீர்கள். எங்கள் வீட்டைக் காத்தவள் உங்கள் வீட்டையும் காப்பாள்.

இப்போது எங்கள் வீட்டில் வேறு ஒரு வழக்கு. டாக்டரம்மா சம்மதித்த பிறகு அம்மா மறுபடி அப்பா பக்கத்தில் படுக்கிறாள். போன வாரம் அப்பா என்னிடம் வந்து, "பாப்பா, உங்கம்மா கொறட்ட தாங்கல. எனுக்குத் தூக்கமே இல்ல. அவளுக்கும் ஒயர மாட்டிப் பாரேன்" என்று முறையிட்டார்.

அம்மா எப்போதும் குறட்டை விட்டதே இல்லையே என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. இத்தனை காலமும் எப்போது அடி விழுமோ என்று ஒரு கண்ணைத் திறந்தே படுத்திருந்தவளுக்குக் குறட்டை எங்கிருந்து வரும்?

"ஒயரும் மாட்டலாம்ப்பா. இப்ப கொஞ்ச நாள் வுடு. அம்மா தூங்கட்டும்" என்றேன்.